ஆற்றுக்குப் பட்ட கடன்



எரிக்கோ பட்டணத்தில் வரி வசூலித்துப் பணம் சேர்த்த சக்கேயு என்பவனை உங்கள் வீட்டுச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். அவன் குள்ளனாயிருந்தபடியால் மரத்தின்மேல் ஏறி சேசுநாதரைப் பார்த்ததையும், ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லி அழைத்து அவன் வீட்டில் தங்கியதையும் ஞானோபதேச வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சரித்திரத்தின் முடிவை நாம் எளிதாய் மறந்துவிடுகிறோம். சக்கேயு அழுததாக அர்ச். லூக்காஸ் எழுதவில்லை. அவன் எழுந்து நின்று கணக்குத் தீர்த்தான். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரையாவது வஞ்சித்திருந்தால் நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாகவும் வாக்களித்தான். அதற்குப் பின்னரே அந்த வீட்டுக்கு இரட்சணியம் வந்ததென்று ஆண்டவர் திருவுளம்பற்றினார்.

ஏழாம் கற்பனையைப் பற்றித் திருச்சபை நமக்குப் போதிப்பதும் இதுவே. களவு செய்தவன் மனஸ்தாபப்பட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. எடுத்த பொருளை, தன்னால் கூடியமட்டும், உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உடையவன் இறந்துபோயிருந்தால் அவன் வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டும். இது நீங்கள் அறிந்த போதனை. ஆனால் எடுக்கப்பட்டது ஓர் ஆற்றிடமிருந்து என்றால் என்ன செய்வது? எடுத்தவர்களும் சில நூறு வருஷங்களுக்கு முன்பே இறந்துபோனவர்கள் என்றால் அந்தக் கடனை யார் தீர்ப்பது?

இது வீண் கேள்வியல்ல. ஆற்றுக்கு ஆத்துமமில்லை என்பது மெய்தான். ஆனாலும் ஆறு உடையவனில்லாத பொருளல்ல. அது சர்வேசுரனுடையது; அவர் அதை ஒரு தலைமுறைக்கு மாத்திரம் தானமாகக் கொடுக்கவில்லை, நமக்குப் பின் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் சேர்த்தே கொடுத்தார். 2015-ம் ஆண்டில் பிரான்சிஸ் பாப்பரசர் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் நிருபத்திலும் இந்தப் போதனையே விளங்குகிறது: வருங்காலச் சந்ததியாருக்கு உலகத்தைப் பழுதில்லாமல் ஒப்படைப்பது தயவுக்குரிய காரியமல்ல, நீதிக்குரிய காரியம். ஆகையால் ஆற்றைக் கெடுத்தவன் பிறக்காத குழந்தையின் பங்கை எடுத்தவனாகிறான்.

இந்தக் கடனைத் தீர்க்கும் ஒரு வழியை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில தேசத்தார் கண்டுபிடித்து நடத்தி வருகிறார்கள். அதைப் பற்றி இந்த வாரம் மூன்று காரியங்களை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். எடுக்கப்பட்டது என்ன என்பது முதலாவது. திரும்பக் கொடுத்தபோது நடந்தது என்ன என்பது இரண்டாவது. அதன் செலவை யார் தாங்குவது என்பது மூன்றாவது.

1. எடுக்கப்பட்டது என்ன?

பீவர் என்பது குளிர்ப் பிரதேசங்களில் ஆற்றங்கரைகளில் வாழும் ஒரு பிராணி. எலியையும் அணிலையும் போலக் கொறித்துத் தின்னும் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் உருவத்தில் மிகப் பெரியது, சுமார் 20 கிலோ எடை இருக்கும். நம் தேசத்தில் அது இல்லை. நீர்நாயாக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நீர்நாய் மீன் பிடித்துத் தின்னும். பீவரோ மரப்பட்டை, இலை, புல் பூண்டு இவைகளையே தின்னும். அதன் வால் செதில் படர்ந்து, துடுப்பைப் போல் தட்டையாயிருக்கும். முன்பற்களில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அவை செம்மஞ்சள் நிறமாயும் மிகுந்த உறுதியாயும் இருக்கும். தேயத் தேய வளர்ந்துகொண்டேயிருக்கும்.

தாயும் தந்தையும் சேர்ந்தே வாழும். அந்த வருஷத்துக் குட்டிகளும், முந்தின வருஷத்துக் குட்டிகளும் ஒரே வீட்டில் அவைகளோடு இருக்கும். இரண்டு வயது நிரம்பின பிள்ளைகள் தனிக்குடித்தனம் தேடிப் புறப்படும். குடும்பத்தின் வீட்டு வாசல் தண்ணீருக்குள் மறைந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் ஓநாய் போன்ற பகைகள் உள்ளே நுழைய முடியாது. ஓடையில் அவ்வளவு ஆழமில்லாவிட்டால், பீவர் மரங்களைக் கடித்துச் சாய்த்து, கிளை, சேறு, கல் இவைகளைக் கொண்டு ஓடைக்குக் குறுக்கே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கும்.

பிரியமானவர்களே, இந்த அணை செய்கிற வேலையைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் பாய்ந்தோடும் வெள்ளம் அணையிலே தட்டி நிதானப்படுகிறது. தண்ணீர் பக்கத்து நிலத்தில் பரவி, மண்ணுக்குள் இறங்குகிறது. வயல்களிலிருந்து அடித்துவரும் வண்டல் குளத்தின் அடியில் படிகிறது. உரத்திலிருந்து கரைந்து வரும் நைட்ரஜன் சத்தை அந்தச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. கோடையில் மேற்கே கீழ்க்கே ஓடைகள் வற்றினாலும், அணையின் பின்னால் ஊறின நீர் சிறுகச் சிறுகக் கசிந்து ஆற்றைச் சாகவிடாமல் காக்கிறது. தவளையும் தும்பியும் மீன்குஞ்சும் நாரையும் அங்கே வந்து குடியேறுகின்றன. கடிபட்ட வில்லோ மரமோ செத்துப்போவதில்லை. அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் பல கிளம்புகின்றன. தன் குடும்பத்தின் பாதுகாப்புக்காக ஒரு பிராணி செய்கிற வேலை, ஆறு முழுவதற்கும் ஜீவனாகிறது. சிருஷ்டிகர் தமது கிருபையால் அவ்விதம் ஏற்படுத்தியிருக்கிறார்.

இந்த வேலைக்காரனைத்தான் மனிதர் ஆறுகளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதன் அடர்ந்த உரோமத்தினால் தொப்பி செய்தார்கள். அதன் வாலடியில் சுரக்கும் ஒருவகை வாசனைப் பொருளை மருந்துக்கும் அத்தருக்கும் விற்றார்கள். இறைச்சியையும் உண்டார்கள். இதில் நம் கத்தோலிக்கருக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தண்ணீரில் வாழ்வதையும் செதில் வாலையும் காட்டி, சுத்தபோசன நாட்களில் பீவரை மீனோடு சேர்த்து எண்ணி உண்ணும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. 17-ம் நூற்றாண்டில் கனடா தேசத்துப் பிரெஞ்சுக் குடியேற்றங்களிலும் அப்படியே அனுமதி நடந்தது. தவக்காலத்தில் நாம் இறைச்சியை விடுவது ஆசையை அடக்குவதற்காக. அந்த ஆசை ஒரு வாசலை அடைத்தால் மற்றொரு வாசலைத் தேடும் என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜெரால்டு என்னும் திருச்சபை அதிகாரி 1188-ம் ஆண்டில் மேற்றிராணியாரோடு அந்த நாடு முழுவதும் பிரயாணம் செய்து, தாம் கண்டதை எழுதி வைத்தார். வேல்ஸ் நாட்டு ஆறுகளில் டெய்வி ஆறு ஒன்றில்தான் பீவர் மிஞ்சியிருந்ததென்று அவர் குறித்திருக்கிறார். சுமார் 400 வருஷங்களுக்கு முன் பிரிட்டன் முழுவதிலும் அது அற்றுப்போயிற்று. 1900-ம் ஆண்டையொட்டி ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சேர்த்து எட்டு இடங்களில், ஏறக்குறைய 1,200 பிராணிகளே எஞ்சியிருந்தன என்று சாஸ்திரிகள் கணக்கிடுகிறார்கள்.

பீவர் போன பின் மனிதர் அதோடு நிற்கவில்லை. வளைந்தோடிய ஆறுகளை நேராக வெட்டினார்கள். சதுப்பு நிலங்களை வடியவிட்டார்கள். கரையைக் கட்டிப் பக்கத்து நிலத்திலிருந்து ஆற்றைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. தானியம் விளைய வேண்டும், வீடு கட்ட வேண்டும். ஆனால் நேராய் வெட்டின ஆறு வெள்ளத்தைக் கீழூருக்கு வேகமாய்க் கொண்டுபோய்க் கொட்டும். கோடையிலோ சீக்கிரம் வற்றும். கழிவுநீரும் வயல் உரமும் அதோடு சேர்ந்தன. இங்கிலாந்து தேசத்து ஆறுகளில் 14 சதவீதம் மாத்திரமே நல்ல நிலையில் இருக்கின்றனவென்று 2022-ம் ஆண்டில் அத்தேசத்துப் பாராளுமன்றக் குழு ஒன்று தன் அறிக்கையில் கூறியது. செல்வமும் கல்வியும் மிகுந்த நாட்டின் கணக்கு இது.

2. திரும்பக் கொடுத்தபோது நடந்தது என்ன?

ஸ்வீடன் தேசம் 1922-ம் ஆண்டிலேயே அண்டைநாடான நார்வேயிலிருந்து பீவர்களைக் கொண்டுவந்து தன் ஆறுகளில் விட்டது. பிற்பாடு பல நாடுகள் அதைப் பின்பற்றின. வேட்டையைத் தடுத்ததாலும், இப்படி மீண்டும் குடியேற்றியதாலும், 1,200-ஆகக் குறைந்திருந்த இனம் இக்காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் பெருகியிருக்கிறது. பிரிட்டன் தாமதமாகவே தொடங்கியது. 2009-ம் ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் மேற்கே நாப்டேல் காட்டில், நார்வேயிலிருந்து கொண்டுவரப்பட்ட 11 பீவர்கள் பரீட்சையாக விடப்பட்டன.

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாவட்டத்தில் நடந்ததை நான் சற்று விரிவாய்ச் சொல்ல விரும்புகிறேன். 2011-ம் ஆண்டில் அங்கே ஒரு சிற்றோடைக் கரையில் வேலியடைத்து, ஒரு ஜோடி பீவரை விட்டார்கள். அந்த ஓடைப் பகுதியின் நீளம் 200 மீட்டருக்கும் குறைவு. சில வருஷங்களில் அந்தக் குடும்பம் 13 அணைகளைக் கட்டி, ஓடையைக் குளங்களின் வரிசையாக மாற்றிவிட்டது. எக்ஸெடர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் தண்ணீரையும் சேற்றையும் அளந்து பார்த்தார்கள். சுமார் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் அங்கே தேங்கியிருந்தது. மழைக்குப்பின் வரும் வெள்ளத்தின் உச்ச வேகம் சராசரி 30 சதவீதம் குறைந்திருந்தது. குளங்களின் அடியில் 100 டன்னுக்கும் அதிகமான வண்டலும், அதிலே 16 டன் கரியும் ஒரு டன் நைட்ரஜனும் பிடிபட்டிருந்தன. அந்த வண்டலில் பெரும்பகுதி மேலேயுள்ள பண்ணை நிலங்களிலிருந்து கரைந்து வந்த மண். குடியானவன் இழந்த மண்ணையும், ஆற்றைக் கெடுத்திருக்கக்கூடிய உரத்தையும் ஒரு பிராணிக் குடும்பம் கூலி கேளாமல் பிடித்து வைத்தது.

அதே மாவட்டத்தில் ஆட்டர் என்னும் ஆற்றில், யார் கொண்டுவந்து விட்டார்களோ தெரியாமல், பீவர்கள் சுதந்தரமாய்க் குட்டி போட்டு வாழ்வது 2014-ம் ஆண்டில் வெளிப்பட்டது. அவைகளால் ஒருவகை நாடாப்புழு நோய் பரவக்கூடுமென்று அஞ்சி, சர்க்கார் அவைகளைப் பிடித்து அப்புறப்படுத்த உத்தேசித்தது. ஊர் ஜனங்கள் சம்மதிக்கவில்லை. பின்னர் அவைகளைப் பிடித்துச் சோதித்து, நோயில்லையென்று கண்டு, 2015-ம் ஆண்டில் மறுபடி ஆற்றில் விட்டு, ஐந்து வருஷம் பரீட்சை நடத்தினார்கள். இரண்டு குடும்பங்கள் பதினைந்து குடும்பங்களாயின. அடிக்கடி வெள்ளத்தால் கஷ்டப்பட்ட ஈஸ்ட் பட்லி என்னும் கிராமத்துக்கு மேலே ஒரு குடும்பம் ஆறு அணைகளைக் கட்டியிருந்தது. கிராமத்துக்கு வரும் வெள்ளத்தின் வேகம் குறைந்தது. 2020-ம் ஆண்டில் அவைகள் நிரந்தரமாய் அங்கேயே இருக்கலாமென்று சர்க்கார் தீர்மானித்தது. 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் பீவர் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பிராணியாயிற்று. 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் டார்செட் மாவட்டத்தில், வேலியில்லாத திறந்த நிலத்தில், சர்க்கார் அனுமதியோடு முதல் தடவையாக நான்கு பீவர்கள் விடப்பட்டன.

அணை கட்டினால் மீன் ஏறிவர முடியாதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யத்திலுள்ள பிரிட்ஜ் கிரீக் என்னும் ஓடையில் இதைச் சோதித்தார்கள். அந்த ஓடை தன் படுகையைத் தானே ஆழமாய் அரித்து, பக்கத்து நிலத்தோடு தொடர்பற்றுப் போயிருந்தது. அங்கே மிஞ்சியிருந்த பீவர்கள் கட்டின அணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டுபோயிற்று. ஆகவே மனிதர்கள் ஓடையின் நடுவே மரக்கழிகளை வரிசையாய் அடித்து, கிளைகளைப் பின்னி வைத்தார்கள். அதன்மேல் பீவர்கள் தங்கள் அணையைக் கட்டிக்கொண்டன. 2016-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, அந்த ஓடையில் ஸ்டீல்ஹெட் என்னும் மீனின் குஞ்சுகள் அணைகளால் குறையவில்லை. அவைகளின் உற்பத்தி 175 சதவீதம் அதிகரித்தது.

இதிலே நமக்கு ஒரு ஞானப் படிப்பினை உண்டு. லேவியராகமம் 25-ம் அதிகாரத்தில், ஏழாம் வருஷந்தோறும் நிலத்தை உழாமலும் விதைக்காமலும் இளைப்பாற விடவேண்டுமென்று சர்வேசுரன் இஸ்ராயேல் ஜனங்களுக்குக் கட்டளையிட்டார். நிலம் அவருடையது என்பதை மனிதன் வருஷம் முழுவதும் கைகட்டி நின்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கையை நீட்டுவதைவிடக் கையை மடக்குவது கடினமான புண்ணியம். கெட்டுப்போன ஆற்றைப் பார்த்தால் உடனே சிமெண்டும் யந்திரமும் கொண்டுபோய்ச் சீராக்க வேண்டுமென்றே நமக்குத் தோன்றுகிறது. சில இடங்களில் அது அவசியமே. ஆனால் பல இடங்களில் ஆறு நம்மிடம் கேட்பது, தடையை எடுத்துவிடு, வேலைக்காரனைத் திருப்பிக் கொடு, பிறகு பொறுத்திரு என்பதே.

செக் தேசத்தில் பிர்தி என்னும் மலைப்பிரதேசம் முன்பு இராணுவப் பயிற்சி நிலமாயிருந்தது. அங்கே சேனைக்காரர் வெட்டின வடிகால்களால் சதுப்பு நிலம் காய்ந்துபோயிற்று. அதைச் சரிப்படுத்த அணைகள் கட்டுவதற்கு 2018-ம் ஆண்டில் திட்டம் போட்டார்கள். அநுமதிக் காகிதங்கள் ஏழு வருஷம் நகரவில்லை. அதற்குள் எட்டு பீவர்கள், ஏறக்குறைய உத்தேசித்த இடங்களிலேயே அணைகளைக் கட்டி முடித்துவிட்டன. 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் இது வெளியாயிற்று. மூன்று கோடி கொரூனா பணம் மிச்சமென்று அதிகாரிகளே சொன்னார்கள். இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். சிரித்த பிறகு, சர்வேசுரன் உலகத்தை நம் உதவிக்காகக் காத்திருக்கும் அநாதையாகப் படைக்கவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

3. செலவு யாருடையது?

பிரியமான குடும்பத்தாரே, இதுவரை சொன்னது இனிமையான பாகம். திரும்பக் கொடுப்பது என்றால் யாரோ ஒருவன் கையிலிருந்து கொடுக்க வேண்டுமல்லவா? அந்த இடத்தில்தான் நீதி பரீட்சிக்கப்படுகிறது.

பீவருக்கு எல்லைக்கல் தெரியாது. அது கட்டின அணையால் தேங்கும் தண்ணீர் சில சமயம் பயிர் நிலத்தில் ஏறும். வடிகால் அடைபடும். கரையில் வளை தோண்டினால் கரை சரியும். பழத்தோட்டத்து மரத்தையும் அது விடாது. ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பிரதேசம் செழிப்பான விவசாய பூமி. அங்கே அநுமதியின்றி எப்படியோ குடியேறின பீவர்கள் பெருகி, குடியானவர்களுக்கு மெய்யான நஷ்டத்தை உண்டாக்கின. 2019-ம் ஆண்டு மே மாதம் சட்டப் பாதுகாப்பு வந்தது. ஆனாலும் அந்த வருஷ முடிவுக்குள் சர்க்காரின் உத்தரவுச் சீட்டோடே 87 பீவர்கள் கொல்லப்பட்டன. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்ததுபோல் அது பலருக்குத் தோன்றியது. பின்னர் 2021-ம் ஆண்டில், நஷ்டம் செய்யும் பீவர்களைக் கூடியமட்டும் உயிரோடு பிடித்து, ஏற்ற வேறு இடங்களில் குடியேற்ற வேண்டுமென்று அவ்விடத்துச் சர்க்கார் தன் கொள்கையை மாற்றியது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? பட்டணத்தில் இருந்துகொண்டு, குடியானவனைக் கல்நெஞ்சன் என்று பேசுவது எளிது. ஆனால் தண்ணீர் ஏறி அழுகுவது அவனுடைய பயிர். வெள்ளத்திலிருந்து தப்புவதோ கீழூர்க்காரனின் வீடு. சுத்தமான தண்ணீர் போவதோ பட்டணத்துக் குழாய்க்கு. ஆட்டர் ஆற்றுப் பரீட்சையின் முடிவில் ஆராய்ச்சியாளர்களும் இதையே எடுத்துக்காட்டினார்கள்: நன்மைகள் நஷ்டங்களைவிட அதிகம், ஆனால் நன்மை பெறுகிறவர்களும் நஷ்டப்படுகிறவர்களும் எப்பொழுதும் ஒரே ஆட்கள் அல்ல.

நீதி சாஸ்திரப்படி இதற்கு விடை தெளிவு. பொது நன்மைக்காக ஒருவன் நஷ்டமடைந்தால், நன்மை பெற்ற பொது ஜனம் அவனுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டிருக்கிறது. சக்கேயு தன் பணத்திலிருந்து கொடுத்தான்; பக்கத்து வீட்டுக்காரன் பணத்திலிருந்து கொடுக்கவில்லை. ஊரார் எல்லோரும் பட்ட கடனை ஆற்றங்கரையிலுள்ள ஓர் ஏழைக் குடியானவன் தலையில் சுமத்தி, நாங்கள் ஆற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமை பேசினால், அது பரிகாரமாகாது, இரண்டாம் களவாகும். ஆகையால் பீவரை மீண்டும் விடுகிற இடங்களில் நிலச் சொந்தக்காரரோடு முன்னதாகவே பேச வேண்டும். ஆற்றோரமாய் ஒரு துண்டு நிலத்தை அவர்கள் சும்மா விட்டுவைப்பதற்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். தண்ணீர் மிதமிஞ்சி ஏறாதபடி அணையின் ஊடே குழாய் பதிக்கவும், மரங்களுக்குக் கம்பி வலை சுற்றவும் ஆள் அனுப்ப வேண்டும். இவைகள் பல இடங்களில் நடந்தும் வருகின்றன. அப்படி நடக்குமிடத்தில் குடியானவனும் பீவரும் சேர்ந்து வாழ்கிறார்கள்.

மற்றொரு எச்சரிப்பும் உண்டு. திருப்பிக் கொடுப்பது வேறு. நம் இஷ்டப்படி கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. 1946-ம் ஆண்டில் அர்ஜென்டினா சர்க்கார், உரோம வியாபாரம் செழிக்குமென்று எண்ணி, கனடாவிலிருந்து சில பீவர்களைக் கொண்டுபோய்த் தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள தியேரா தெல் புவேகோ தீவில் விட்டது. அங்கே பீவர் ஒருபோதும் இருந்ததில்லை. அதை வேட்டையாடும் மிருகமும் இல்லை. அவ்விடத்து மரங்களோ வில்லோவைப் போல் வெட்டினால் தளிர்ப்பவையல்ல. பிராணிகள் ஏராளமாய்ப் பெருகின. ஆற்றோரக் காடுகள் தண்ணீரில் மூழ்கி, பட்டுப்போன கட்டைகளாய் நின்றன. அர்ஜென்டினாவும் சிலி தேசமும் இன்றளவும் அவைகளை ஒழிக்கப் பாடுபடுகின்றன. ஓர் ஆற்றுக்கு ஆசீர்வாதமான அதே பிராணி மற்றோர் ஆற்றுக்குச் சாபமாயிற்று. குற்றம் பிராணியுடையதல்ல. சர்வேசுரன் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தை ஏற்படுத்தியிருக்கிறார். லாபத்துக்காக அந்த ஒழுங்கை மாற்றினவனே குற்றவாளி. ஆகையால் நம் தேசத்துக்கும் பீவரைக் கொண்டுவரலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தந்த ஆறு எதை இழந்ததோ அதையே அதற்குக் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தூரதேசத்துப் பிராணியைப் பற்றி இவ்வளவு கேட்டோமே, இதனால் நமக்கு என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய காரியங்களைச் சிறு வயதில் மனப்பாடம் செய்தீர்களே, அந்த ஒழுங்கிலேயே இதைப் பிரயோகியுங்கள்.

முதலில் ஆத்தும சோதனை செய்யுங்கள். கேட்க வாயில்லாதவர்களிடமிருந்து நாம் எடுத்தது ஏதாவது உண்டா? ஊர்ப் பொதுவான நீரோடையின் ஓரம் நம் வேலிக்குள் வந்திருக்கிறதா? நம் வீட்டுச் சாக்கடை, நம் தொழிலின் கழிவு, யார் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேருகிறது? ஆற்று மணலைத் திருட்டுத்தனமாய் அள்ளுகிறவர்களிடம், விலை மலிவென்று, தெரிந்தே வாங்கினோமா? யாரும் கேட்கவில்லை என்பதால் அது கடனல்ல என்று மனசாட்சியைத் தூங்கவைக்காதீர்கள். ஐரோப்பியரின் ஆறுகள் 400 வருஷம் கேட்கவில்லை. கடன் மட்டும் அப்படியே நின்றது.

இரண்டாவது, எடுத்தவர் முன்னோர்தானே, நான் அல்லவே என்று ஒதுங்காதீர்கள். தகப்பனுடைய நிலத்தைப் பெற்றுக்கொள்ளும் மகன் அந்த நிலத்தின் பேரிலுள்ள கடனையும் பெற்றுக்கொள்கிறான். முன்னோரின் பாவத்துக்கு நாம் குற்றவாளிகளல்ல. ஆனால் அந்தப் பாவத்தின் லாபத்தை இன்று அனுபவிப்பவர்கள் அதன் நஷ்டத்தைத் தீர்க்கவும் கடமைப்பட்டவர்கள். நாப்டேல் காட்டில் பீவரை விட்டவர்கள் யாரும் அவைகளை வேட்டையாடினவர்கள் அல்லவே.

மூன்றாவது, கொடுத்த பின் பொறுத்திருக்கப் படியுங்கள். ஒரு நாளில் கெட்ட ஆறு ஒரு நாளில் சீராவதில்லை. டெவன் ஓடையில் தவளை முட்டைகள் விரல்விட்டு எண்ணும் அளவிலிருந்து நூற்றுக்கணக்காய்ப் பெருகச் சில வருஷங்கள் ஆயின. நம் குடும்பங்களிலும் இப்படியே. குடியை விட்டுத் திருந்திய கணவன்மேல் மனைவியின் நம்பிக்கையும், வைது அடித்து வளர்த்த பிள்ளையின் அன்பும், பங்கு பிரிக்கையில் வஞ்சிக்கப்பட்ட தம்பியின் நேசமும் ஒரே நாளில் திரும்புவதில்லை. தடையை எடுத்துவிடுங்கள், எடுத்ததைக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் சர்வேசுரன் வேலை செய்ய இடம் விடுங்கள். பிரிட்ஜ் கிரீக்கில் மனிதர் கழியை அடித்துவைத்தார்கள், மீதியைப் பீவர் கட்டின. நாமும் நம் பங்குக்குக் கழியை ஊன்றுவோம். மீதியைத் தேவ இஷ்டப்பிரசாதம் கட்டும்.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் இராத்திரி செபமாலைக்குப் பின் சற்று நேரம் உட்கார்ந்து, நாம் யாருக்கு, எதற்கு இன்னும் கடன்பட்டிருக்கிறோம் என்று ஒன்றாய் யோசித்துப் பாருங்கள். ஒன்றையாவது கண்டுபிடித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைத் தீர்க்கத் தொடங்குங்கள். சக்கேயுவின் வீட்டில் நுழைந்த ஆண்டவர், கணக்குத் தீர்த்த உங்கள் வீட்டிலும் சந்தோஷத்தோடு நுழைந்து தங்குவாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு